போர்டன் எழுதும் 'நான்'

கிறிஸ்டோபர் பிரீஸ்ட் எழுதிய 'தி பிரெஸ்டீஜ்' நாவலின் என் பிரதியை இதுவரை நான்கு பேருக்கு இரவல் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு அவர்களில் சிலர் சொன்ன கருத்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அவற்றுள் இரண்டையாவது மறுத்து எழுத வேண்டும் என்ற எண்ணம் பல நாட்களாக எனக்குள் இருந்து வருகிறது. கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் அதைச் செய்ய முடியாது என்பதால், நாவலைப் படிக்க நினைத்திருப்பவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு இங்கே வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1995-இல் வெளிவந்து, ஜேம்ஸ் டெய்ட் பிளாக் நினைவுப் பரிசையும் உலக மிகுபுனைவு விருதையும் பெற்ற நாவல் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் மேடைகளில் புகழ்பெற்ற ஆல்ஃபிரட் போர்டன், ரூபர்ட் ஏஞ்சியர் என்ற இரு வித்தைக்காரர்களின் பகைதான் கதை. இறந்தவரின் ஆவியை வரவழைப்பதாகச் சொல்லி ஏஞ்சியர் நடத்தும் ஓர் அமர்வை மோசடி என்று போர்டன் அம்பலப்படுத்தப் போக, அந்தக் கைகலப்பில் ஏஞ்சியரின் மனைவி கீழே விழுந்து அவள் வயிற்றில் இருந்த கரு கலைந்துவிடுகிறது. அன்று மூண்ட பகை அவர்கள் வம்சத்தில் வந்தவர்களையும் விடுவதில்லை. மேடையின் ஒரு புறத்தில் மறைந்து அதே நொடியில் மறுபுறத்தில் தோன்றும் போர்டனின் வித்தை எப்படி நடக்கிறது என்ற கேள்வி ஏஞ்சியரின் வாழ்நாளையே தின்றுவிடுகிறது.

என் சித்தி மகள் நூறு பக்கம் தாண்டியதுமே, போர்டன் என்பது ஒருவர் அல்ல, இரட்டையர் என்று கண்டுபிடித்துவிட்டாளாம். மர்மம் உடைந்த பிறகு எதற்காக மீதிப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய கேள்வி. அவளுடைய கூர்மையை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை என்னால் ஏற்க முடியவில்லை. பிரீஸ்ட் அந்த இரகசியத்தை ஒளித்து வைக்கவே இல்லை. 1901-இல் எழுதப்படுவதாக வரும் போர்டனின் குறிப்பேட்டில், 'நான்' எழுதிக்கொண்டே போகும்போது, இதை எழுத 'நான்' சம்மதிக்கவில்லையே என்று இன்னொரு 'நான்' குறுக்கிடுகிறது. பிறகு சமாதானமாகி, தொடர்ந்து எழுத இடம் கொடுக்கிறது. முதல் வாசிப்பில் இதை ஒரு விசித்திரமான மனிதரின் தடுமாற்றம் என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். இரண்டாம் வாசிப்பில்தான், ஒரே வாழ்க்கையைப் பங்கு போட்டுக்கொண்ட இருவர் தங்கள் குறிப்பேட்டில்கூட 'நாங்கள்' என்று எழுதிவிடக் கூடாது என்று எவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்கிறார்கள் என்பது புரிந்து நெஞ்சு கனக்கிறது. இந்தப் பகுதியைத் தமிழாக்க நேர்ந்தால் ஒவ்வொரு வினைமுற்றிலும், 'எழுதினேன்', 'மறைத்தேன்', 'நேசித்தேன்' என்று, அந்த ஒருமை திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஓரிடத்தில் 'எழுதினோம்' என்று கை தவறினாலும் அவர்களுடைய வாழ்நாள் வித்தை முழுவதும் கலைந்துபோகும்.

இதற்கான சாவியையும் போர்டனே நம் கையில் கொடுத்துவிடுகிறார். சிங் லிங் ஃபூ என்ற சீன வித்தைக்காரர், உண்மையில் வாழ்ந்தவர்தான், வெறும் மேடையில் நீர் நிறைந்த கனத்த மீன் தொட்டி ஒன்றைத் தோன்றச் செய்வதை அவர் விவரிக்கிறார். தொட்டி தொடக்கத்திலிருந்தே நீண்ட அங்கிக்குள், கால்களுக்கு இடையில் இடுக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவு பாரத்தைத் தாங்கிக்கொண்டு இயல்பாக நடக்க முடியாது என்பதால், மேடைக்கு வெளியே, தெருவிலும் வீட்டிலும்கூட, அவர் தளர்ந்து தேய்த்து நடப்பவராகவே வாழ்ந்தார் என்கிறார் போர்டன். பார்ப்பவர்கள் தொட்டியைப் பற்றி வியந்தார்களே ஒழிய, அந்த நடையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். போர்டன் சகோதரர்களின் மனைவி, காதலி, குழந்தைகள் அனைவரும் அந்த நடையைத்தான் ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது. மேடை வித்தையைப் பற்றிய நாவலுக்குள் மின் விஞ்ஞானி நிகோலா டெஸ்லாவைக் கொண்டுவந்து, ஆளையே நகலெடுக்கும் ஓர் இயந்திரத்தைச் செய்து தரவைத்தது வாசகருக்கு இழைத்த துரோகம் என்கிறார் என் அலுவலக நண்பர் ஒருவர். டெஸ்லா 1899-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஆய்வுக்கூடம் அமைத்துச் செயற்கை மின்னல்களை உண்டாக்கியது வரலாறு. அதன் மேல் இப்படி ஒரு கற்பனையை ஏற்றலாமா என்று முதலில் எனக்கும் கோபம் வந்தது உண்மை. இப்போது வேறு விதமாக நினைக்கிறேன். ஏமாற்றப்படுகிறோம் என்று தெரிந்தே பார்வையாளர் சம்மதித்து அமரும் ஓர் ஒப்பந்தம்தான் வித்தை என்று நாவல் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. ஏஞ்சியரின் இயந்திரத்தில் ஏமாற்று எதுவும் இல்லை. அரங்கின் வேறோர் இடத்தில் அவர் உண்மையாகவே தோன்றுகிறார், மேடையில் அவருடைய உயிரற்ற உடல் கிடக்கிறது. ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் உடல் குடும்பக் கல்லறைக்குப் போகிறது. எனவே, இது விதிமீறல் என்று நண்பர் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மீறலைச் செய்தது ஏஞ்சியர், பிரீஸ்ட் அல்ல. பகையில் வெல்வதற்காகத் தன் கலையையே கைவிட்ட ஒருவனைக் காட்ட இதைவிடக் கொடிய வழி எனக்குத் தோன்றவில்லை.

ஏஞ்சியரின் நாட்குறிப்பு சிறுவயதிலிருந்து தொடங்கி மெல்ல நகர்கிறது என்ற குறை நியாயமானது. நிகழ்காலத்தில் நடக்கும் பகுதிகள் தேவையற்றவை என்ற குறையோ நியாயமற்றது. கிறிஸ்டோபர் நோலன் 2006-இல் எடுத்த படத்தில் அவை இல்லை. படம் அதனால் விறுவிறுப்பாயிற்று என்பதும் மெய்யே. ஆனால் தனக்கு ஓர் இரட்டைச் சகோதரன் இருப்பதாக வாழ்நாள் முழுவதும் உணரும், போர்டன் வம்சத்தில் வந்த ஆண்ட்ரூ, நிலவறைக்குள் வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்களிடையே ஒரு குழந்தையின் உடலைக் காணும் இரவு படத்தில் கிடைக்காது.

கடைசியாக இரவல் வாங்கியவர் என் சித்தப்பா. கருத்து எதுவும் சொல்லாமல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். போர்டனின் பகுதி முழுவதும் பென்சில் கோடுகள்: ஒரு சகோதரன் எழுதியதாக அவர் கருதிய 'நான்'களின் கீழே ஒற்றைக் கோடு, மற்றவன் எழுதியவற்றின் கீழே இரட்டைக் கோடு, ஏழெட்டு இடங்களில் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிகளில் மூன்றை நான் இரட்டைக் கோடு என்றே சொல்வேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அவரிடம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.