யாரைப் பார்த்துச் சொன்னேன்?

"தப்பைச் சொன்னது பரவாயில்லை சார். ஆனா யாரைப் பார்த்துச் சொன்னீங்க?"

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது அந்தப் பெண் கேட்டது இவ்வளவுதான். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கேள்வி மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

நான் சொன்ன குறையில் பிசகு கிடையாது. அவருடைய அறிக்கையில் அட்டவணையின் கூட்டுத்தொகை ஒன்று, முதல் பக்கச் சுருக்கத்தில் இருந்த தொகை வேறு. ஒரு வரி இரண்டு முறை ஏறியிருந்தது. அப்படியே வாடிக்கையாளர் கைக்குப் போயிருந்தால் குழுவுக்கே தலைகுனிவு. அதைத் தடுப்பது என் பொறுப்பு. "அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூட்டிப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். கேட்கும்போது என் முகம், மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த புது இயக்குநர் பக்கம் திரும்பியிருந்தது. அதை அந்தப் பெண் கவனித்திருக்கிறார்.

ஏன் குறை சொல்கிறோம் என்றால் பொறாமை, கோபம், அக்கறை என்று அடுக்குவோம். எனக்கு அவர் மேல் பொறாமையும் இல்லை, கோபமும் இல்லை. யோசிக்க யோசிக்க எனக்குப் படுவது இதுதான்: அலுவலகத்தில் பாதிக் குறைகள், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆளுக்காகச் சொல்லப்படுகின்றன. 1983-ல் தெரசா அமாபைல் என்ற உளவியலாளர், புத்தக மதிப்புரைகளைப் படிக்கக் கொடுத்து, எழுதியவரைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார். பாராட்டி எழுதியவரைவிடக் குறை எழுதியவரைத்தான் அறிவாளி, விஷயம் தெரிந்தவர் என்று மதித்தார்கள். அவரைப் பிடித்திருந்ததா என்றால், அது குறைவுதான். இந்தக் கணக்கை யாரும் நமக்குச் சொல்லித்தருவதில்லை. நன்றாக இருக்கிறது என்பவரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, ஓட்டையைக் காட்டுபவரைக் 'கூர்மையான ஆளு' என்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே புரிந்துவிடுகிறது.

சரி, இயக்குநர் அங்கே இல்லாவிட்டால் சொல்லாமல் விட்டிருப்பேனா? நிச்சயம் சொல்லியிருப்பேன். ஆனால் "இந்த வரி ரெண்டு தடவை வந்திருக்கு, பாருங்க" என்பதோடு நின்றிருக்கும். நான் கேட்டதோ கணக்கைப் பற்றி இல்லை, அவருடைய பொறுப்புணர்வைப் பற்றி. பிறர் தவறும்போது சூழ்நிலையை விட்டுவிட்டு அவர்கள் குணத்தையே காரணமாக்கும் இந்தப் போக்கைப் பற்றி 1977-லேயே லீ ராஸ் என்ற உளவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். இரண்டு பிரிவுகளிலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தகவல் வந்ததே முந்தைய நாள் சாயங்காலம்தான். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்த நிமிடத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

இப்படி யோசித்ததால், அப்புறம் யாரிடம் எந்தத் தவறு தெரிந்தாலும் தனியாக அவர்கள் மேசைக்குப் போய்த்தான் சொல்லி வந்தேன். முகங்கள் சுருங்கவில்லை. அதில் எனக்கு நிம்மதியும் இருந்தது.

ஆனால் போன மாதம் வேறொரு பையன் அதே மாதிரி ஒரு வரியை இரண்டு முறை சேர்த்துவிட்டான். தனியாகக் கூப்பிட்டு, இது ஏற்கெனவே இங்கே நடந்த தவறுதான் என்று பதமாகச் சொன்னேன். "அப்ப எல்லாரும் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே சார், எனக்கும் தெரிஞ்சிருக்கும்ல?" என்றான். உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டான். அவனுக்கும் என்னிடம் பதில் இல்லை.