கார்டில் ஒரு தேதி, வயிற்றில் ஒரு தேதி

பிக்மியில், அதாவது தமிழக அரசின் கர்ப்பிணிப் பதிவில், என் பிரசவத் தேதி ஒன்று, ஸ்கேன் சொன்ன தேதி வேறொன்று. நடுவில் 12 நாள். அந்த 12 நாளால் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. நீர்க்கட்டி இருப்பவர்களும், மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருபவர்களும் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

எல்லாரும் போடுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் கணக்கு. 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருபவர்களுக்கு அது சரி. எனக்கு 40 நாள் ஆகும். அப்படியென்றால் கரு தங்குவதும் அதற்கேற்பத் தள்ளித்தானே போகும்? முதல் ஸ்கேனுக்குப் போனபோது தேதிப்படி 8 வாரம் தாண்டியிருந்தது. திரையில் தெரிந்த கருவின் நீளமோ 6 மில்லிமீட்டர்தான், அதாவது 6 வாரம் 3 நாள். இதயத் துடிப்பு நன்றாகவே தெரிந்தது. டாக்டரம்மா பதறவில்லை. "9 வாரத்துக்கு முன்னாடி எடுக்கிற ஸ்கேன்ல 5 நாளைக்கு மேல வித்தியாசம் வந்தா, ஸ்கேன் தேதியைத்தான் எடுத்துக்கணும்மா" என்று சொல்லி, ரிப்போர்ட்டின் ஓரத்தில் புதுத் தேதியைப் பேனாவால் எழுதி வட்டம் போட்டார். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிக்மி பதிவு. 12 வாரத்துக்குள் பதிந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு வழி என்பதால் சீக்கிரமே போய்விட்டோம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவரிடம் வட்டம் போட்ட தேதியைக் காட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க? அதை மட்டும் சொல்லுங்க." ஸ்கேன் தேதி என்று மறுபடி இழுத்தேன். "அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம்." அந்த 'அப்புறம்' கடைசிவரை வரவில்லை. அட்டையிலும் பழைய தேதியே ஏறிவிட்டது.

அதன் முதல் பலன் என்டி ஸ்கேனில் கிடைத்தது. வரவேற்பில் இருந்த பெண் அட்டையைப் பார்த்து, "12 வாரம் 2 நாள், சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க மேடம்" என்றாள். ஆதார், ஃபார்ம் எஃப், கையெழுத்து, பணம், தண்ணீர் குடித்துவிட்டு வயிறு முட்டக் காத்திருப்பது எல்லாம் ஆனது. உள்ளே போய்ப் படுத்தால் குழந்தையின் நீளம் 37 மில்லிமீட்டர். இந்த ஸ்கேனுக்குக் குறைந்தது 45 வேண்டும், 84-க்கு மேலும் போகக்கூடாது. குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீரை, நீளம் அந்த அளவுக்குள் இருக்கும்போது அளந்தால்தான் குரோமோசோம் குறைபாட்டுக்கான அபாயக் கணக்குக்கு உதவும். "பத்து நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கட்டிய பணத்தை அடுத்த முறை கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அடுத்த முறை வேறொரு பெண் இருந்தாள், "அப்படி ஒண்ணும் எழுதலையே" என்றாள். ரசீதின் பின்பக்கம் அவர்கள் கையாலேயே எழுதி வாங்கி வைத்திருந்ததை எடுத்து நீட்டினேன். அன்றைக்கு வந்த திருப்தி இருக்கிறதே! பணம் கட்டும் எந்த இடத்திலும் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், அங்கேயே எழுதி வாங்குங்கள்.

ஐந்தாம் மாத ஸ்கேன், குளுக்கோஸ் கரைத்துக் குடித்துச் சர்க்கரை பார்ப்பது, ஊசி எல்லாம் ஒழுங்காக நடந்தன. போனில் ஒரு ஆப் வைத்திருந்தேன். வாரத்துக்கு ஒரு பழம் காட்டி, குழந்தை இந்த அளவு என்று சொல்லும். 8-ஆம் வாரம் ராஸ்பெர்ரி. திண்டுக்கல்லில் ராஸ்பெர்ரியை நான் எங்கே போய்ப் பார்ப்பது? உருப்படியாக ஒன்று செய்தேன். மாதவிலக்குத் தேதியை அழித்துவிட்டு, ஸ்கேன் சொன்ன பிரசவத் தேதியைப் போட்டேன். பெரும்பாலான ஆப்களில் அந்த வசதி இருக்கிறது. அதன் பிறகு வாரம் சரியாக ஓடியது.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குத் தேனிக்கு வந்தபோதுதான் பெரிய அடி. பழைய ஆஸ்பத்திரியில் என் ஃபைலைத் தரவில்லை. "பிரசவம் முடிஞ்சாத்தான் ஃபைல் வெளிய போகும்" என்று அரைப் பக்கச் சுருக்கம் ஒன்றை அடித்துக் கொடுத்தார்கள். அதில் மாதவிலக்குத் தேதி மட்டும் இருந்தது. வட்டம் போட்ட தாள் ஃபைலுக்குள்ளேயே நின்றுவிட்டது.

தேனியில் வேறொரு இடத்தில் வளர்ச்சி ஸ்கேன். என் கணக்கு 12 நாள் பின்னால் என்று படுப்பதற்கு முன்பே சொன்னேன். "கார்டுல இருக்கிறதைத்தான் எடுப்போம்" என்றார் ஸ்கேன் செய்தவர். அட்டைப்படி 32 வாரம். எடை 1.52 கிலோ, தலை, வயிறு, தொடை எலும்பு எல்லாம் 30 வாரக் குழந்தைக்கு உரிய அளவு. ரிப்போர்ட்டின் அடியில் தடித்த எழுத்தில், வளர்ச்சி இரண்டு வாரம் பின்தங்கியிருக்கிறது, டாப்ளர் பார்க்கவும் என்று வந்தது. அன்று சனிக்கிழமை சாயங்காலம். பெரிய டாக்டர் ஊரில் இல்லை. ட்யூட்டி டாக்டர் தாளை மட்டும் பார்த்துவிட்டு, "இன்னைக்கே அட்மிட் ஆகிடுங்க, குழந்தைக்கு நுரையீரல் முதிர ஊசி போடணும்" என்றார். அம்மா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

டாப்ளர் மட்டும் எடுத்தோம். ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது. ஊசி வேண்டுமா என்பதைப் பெரிய டாக்டர் வந்து சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டோம். குழந்தை நன்றாக அசைகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லி, குறைந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுப்பினார்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் 10 அசைவு வருகிறதா என்று எண்ண வேண்டும். என் மகள் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவாள். அது ஒன்றுதான் அந்த இரவில் தெம்பு.

ஞாயிற்றுக்கிழமை கணவர் வத்தலக்குண்டிலிருந்து பஸ் மாறித் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனார். "ரெக்கார்டு ரூம் சாவி திங்கக்கிழமைதான் வரும் சார்." வெறும் கையோடு திரும்பினார். நல்ல நேரம், என்டி ஸ்கேன் ரிப்போர்ட்டை அன்றைக்கே நாத்தனாருக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தேன். நாத்தனார் எதையும் அழிக்காத ஆள். தேடி எடுத்து அனுப்பினார். தேதி, நீளம், அதன்படி வாரம், மூன்றுமே படத்தில் தெளிவாக இருந்தன.

திங்கள் காலை பெரிய டாக்டர் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் மேசை இழுப்பறையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்து, அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் இடுப்பெலும்பிலிருந்து கருப்பையின் மேல் விளிம்பு வரை அளந்தார். 30 சென்டிமீட்டர். 20 வாரத்துக்கு மேல் இந்த அளவும் வாரமும் ஏறக்குறைய ஒன்றாகவே போகுமாம். "இது முப்பதரை வாரக் குழந்தை. அந்த வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ சரியான எடைதான். பின்தங்கினது குழந்தை இல்ல, முந்திப் போனது உங்க அட்டைதான்மா" என்றார். ஊசியும் இல்லை, அட்மிஷனும் இல்லை. இரண்டு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் எடை ஏறியிருந்தது. ஒரு ஸ்கேனை வைத்து முடிவு சொல்லாமல், இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

எடையை வரி வரியாக நம்பவும் வேண்டாம். 15 சதவீதம் முன்பின் ஆவது சகஜம். பிரசவத்துக்குச் சற்று முன் 3.2 கிலோ என்றார்கள், பிறந்தது 2.9.

அட்டைத் தேதி தாண்டியதும் சுகாதார நிலைய நர்சம்மா போன் மேல் போன். "டேட் முடிஞ்சிருச்சே, இன்னும் ஏம்மா அட்மிட் ஆகல?" ஒவ்வொரு முறையும் அந்த வாட்ஸாப் படத்தை அனுப்பினேன். வலி வரவைக்கும் மருந்து எதுவும் இல்லாமல், ஸ்கேன் கணக்கில் 39 வாரம் முடிந்ததும் தானாகவே வலி எடுத்தது.

முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை யாரிடமும் அசலாகக் கொடுக்காதீர்கள், வீட்டில் இரண்டு பேர் போனிலாவது படம் இருக்கட்டும். தெர்மல் தாளில் வரும் ஸ்கேன் படம் நாளடைவில் மங்கிவிடும், அதையும் எடுத்து வையுங்கள். அட்டையில் தேதி மாறவில்லை என்றால், ஸ்கேன்படி பிரசவத் தேதி இது என்று டாக்டர் கையெழுத்தோடு அதே அட்டையில் எழுதி வாங்குங்கள். தேனி டாக்டர் எனக்கு அப்படித்தான் செய்து கொடுத்தார். பிக்மியில் வரும் 12 இலக்க ஆர்சிஎச் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள், பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள்.

நர்சம்மாவின் பதிவேட்டில் என் மகள் 40 வாரம் 5 நாளில் பிறந்தவள். மாற்றச் சொல்லிக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அடுத்த தடுப்பூசி ஆறாவது வாரம். அதைப் பிறந்த தேதியிலிருந்துதான் எண்ணுவார்களாம், நல்லவேளை.