18-ஐ 5 ஆக்கும் வேலை

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறுகின்றன என்று அறிவிப்பு வந்ததும், மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளிலிருந்து எங்கள் ஆபீஸுக்கு வரிசையாக போன். சில கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்வது நாங்கள்தான். பழங்காலத்துச் சரக்கு, பொருள் பட்டியல் முழுவதும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் கிடக்கும். ஒரு பொருளுக்கு ஒரு வரி, அதாவது ஒரு லைன். குறியீடு, பெயர், விகிதம், விலை, நடுவில் கமா.

18 இருக்கும் இடத்தில் எல்லாம் 5 போட்டால் முடிந்தது என்று இருக்க முடியாது. டூத்பேஸ்ட், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் 5-க்கு இறங்கின. வாஷிங் பவுடர் 18-லேயே நின்றுவிட்டது. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5. இதற்கிடையில் விலையிலும் 18 வரும். அதனால் ஒரு கடையில் கணக்கு பார்க்கும் அண்ணாச்சி, மாற வேண்டிய பொருள்களின் குறியீடுகளை மட்டும் நோட்பேடில் அடித்து அனுப்பினார்.

புதிதாகச் சேர்ந்த தம்பி, கமாண்டுகளை அடித்து ஓட்டும் ஷெல்லில் ஒரு வைல் லூப் எழுதினான். படிக்க வரி இருக்கும்வரை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது அது. குறியீட்டை ஒவ்வொன்றாகப் படிக்கும். அந்தக் குறியீட்டில் தொடங்கும் வரியை செட் (sed) கமாண்ட் தேடிப்பிடித்து விகிதத்தை 5 ஆக்கும். 112-ஐத் தேடும்போது 1120-ம் சிக்கிவிடாதபடி, குறியீட்டுக்கு அடுத்து கமா வர வேண்டும் என்று அவனாகவே எழுதியிருந்தான். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

"முடிஞ்சிருச்சுண்ணே" என்றான். திறந்து பார்த்தால் ஒரு வரிகூட மாறவில்லை.

விண்டோஸில் அடித்த ஃபைலில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து கூடுதலாக இருக்கும். லூப் அதையும் சேர்த்தே குறியீடாக எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு குறியீடு பட்டியலில் ஏது? தேடியது கிடைக்கவில்லை என்றால் செட் வாயே திறக்காது. அதன் கணக்கில் அது பிழையே இல்லை. அந்த எழுத்தை நீக்கிவிட்டு ஓட்டியதும் மாறியது, கடைசிக் குறியீட்டைத் தவிர. அண்ணாச்சி கடைசியில் எண்டர் தட்டவில்லை. அப்படிப்பட்ட வரியை, லூப்புக்கு வரி வரியாகப் படித்துக் கொடுக்கும் ரீட் கமாண்ட் படித்துக்கொள்ளும், ஆனால் ஃபைல் முடிந்துவிட்டது என்றும் சொல்லிவிடும். லூப் அந்த வரியைத் தொடாமலே நின்றுவிடும். 'படித்ததில் ஏதாவது மிச்சம் இருந்தாலும் ஓடு' என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் சரியாகிவிடும்.

அப்புறம் ஆபீஸில் ஒரு வாக்குவாதம். முந்நூறு குறியீடு என்றால் முந்நூறு முறை முழு ஃபைலையும் படித்து, தற்காலிக ஃபைலில் எழுதி, பெயர் மாற்றி வைக்கிறது செட். அபத்தம், லூப்பே கூடாது என்றார் ஒருவர். சில ஆயிரம் வரிகளுக்கு அந்த நேரம் எல்லாம் ஒரு பொருட்டா? எனக்கு உறுத்தியது வேறு. பாதியில் கரண்ட் போனால் பாதி ஃபைல்தான் மாறியிருக்கும். இங்கே தப்பித்தோம், ஏற்கெனவே 5 ஆனதை மறுபடி 5 ஆக்கினால் ஒன்றும் கெடாது. அதுவே 'விலையில் 2 ரூபாய் கூட்டு' என்ற வேலையாக இருந்தால், மறுபடி ஓட்டும்போது சில பொருளுக்கு 4 ரூபாய் ஏறியிருக்கும். வரி எண்ணை வைத்து நீக்கும் லூப்பிலும் இதே வம்பு உண்டு: மேலே ஒன்றை நீக்கியதும் கீழே இருப்பவற்றின் எண்கள் எல்லாம் மாறிவிடும். கீழிருந்து மேலாகத்தான் போக வேண்டும்.

கடைசியில் ஆக் (awk) கமாண்டுக்கு மாற்றினோம். குறியீடுகளை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு, பட்டியலை ஒரே ஓட்டமாகப் படித்து, புது ஃபைலில் எழுதும். புதுப் பெயரில் எழுதுவது முக்கியம். படிக்கிற ஃபைலுக்கே வெளியீட்டைத் திருப்பினால், படிக்கத் தொடங்குமுன்பே ஷெல் அதைக் காலி செய்துவிடும்.

இரண்டு ஃபைல்களின் வித்தியாசத்தைக் காட்டும் டிஃப் கமாண்டைப் பழையதுக்கும் புதியதுக்கும் போட்டு, மாறிய வரிகளை மட்டும் பிரிண்ட் எடுத்து அண்ணாச்சிக்குக் கொடுத்தோம். பில் சரிபார்ப்பது போல் விரல் வைத்துப் படித்தார். அவர் பட்டியலிலேயே ஒரு வாஷிங் பவுடர் நுழைந்திருந்தது. தம்பி அந்தக் குறியீட்டை எடுத்துவிட்டு, பழைய ஃபைலிலிருந்து மறுபடி ஓட்டினான்.