கியோவின் வால் விரிசல் விடாமல் காய்ந்தது

ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் என்ற ஜப்பானியத் தொடரின் விலங்குகளைக் களிமண் பொம்மைகளாகச் செய்துவருகிறேன். அந்த வரிசையில் கியோ என்ற பையன் மாறும் பூனை முடிந்துவிட்டது, வால் உட்பட. மீசை இன்னும் வைக்கவில்லை, ஆனாலும் இந்த வாலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக: அம்மாவை விபத்தில் பறிகொடுத்து, கூடாரத்தில் தனியாகக் குடியிருக்கும் பள்ளி மாணவி டோரு ஹோண்டா, சோமா குடும்பத்தாரின் வீட்டில் வந்து சேர்கிறாள். அந்தக் குடும்பத்தில் சிலரை எதிர்பாலினத்தவர் கட்டிப்பிடித்தால் புகை கிளம்பும், ஆள் விலங்காகிவிடுவார், உடுப்பு தரையில் கிடக்கும். திரும்ப மனிதராகும் நேரம்தான் கூத்து. நட்சுகி தகாயாவின் மங்கா (ஜப்பானியப் படக்கதை) இது. 2001இல் அதன் அனிமே (ஜப்பானிய அசைபடத் தொடர்) வந்தபோது மங்காவே முடிந்திருக்கவில்லை. 2019 முதல் 2021 வரை 63 பகுதிகளில்தான் முழுக் கதையும் வந்தது. என் பொம்மைகள் இந்தப் புதிய பதிப்பைப் பார்த்துச் செய்பவை.

முதல் பகுதியில் சோமா குடும்பத்து ஷிகுரேயின் வீட்டில் சீன ராசியின் பன்னிரண்டு விலங்குகளின் சின்ன உருவங்களைப் பார்த்ததும், பூனை இல்லையே என்றுதான் டோருவுக்குத் தோன்றும். கதைப்படி, கடவுள் விலங்குகளுக்கு வைத்த விருந்து மறுநாள் என்று எலி சொன்ன பொய்யை நம்பித் தூங்கிப்போன பூனைக்கு அந்தப் பன்னிரண்டில் இடம் கிடையாது. ஆகவே என் அலமாரியில் முதல் இடம் பூனைக்கு.

சரி, வாலுக்கு வருவோம். ஏர் டிரை களிமண் (சூளையில் சுடாமல் காற்றிலேயே இறுகுவது) காயும்போது சுருங்கும், உள்ளே இருக்கும் கம்பி சுருங்காது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே மண் சுருங்கினால் எங்காவது வெடித்துத்தானே ஆகவேண்டும்? கியோ கோபத்தில் வாலைத் தூக்கி நிற்க வேண்டும் என்பதால் கம்பி இல்லாமலும் முடியாது. கடைசியில் வழிக்கு வந்தது இப்படித்தான்: அலுமினியக் கம்பி மேல் மாஸ்கிங் டேப்பைத் தளர்வாகச் சுற்றி, மேலே மெல்லிய ஒரு பூச்சு மண், அது முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் தண்ணீரில் குழைத்த மண்ணைத் தூரிகையால் தடவ வேண்டும். மின்விசிறி கூடவே கூடாது. மேல்தோல் முந்திக் காய்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் பழிவாங்கும். நான் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடி, ஓரத்தில் தீக்குச்சி அளவுக்கு இடைவெளி விட்டேன். பொறுமை இல்லாதவர்கள் பேசாமல் சுருண்டு படுத்த பூனை செய்துகொள்ளுங்கள்.

அலுமினியம்தான் வேண்டும் என்று ஒரு கடையில் கேட்டதற்கு, எல்லாம் ஒன்றுதான் என்று இரும்புக் கம்பியைத் தலையில் கட்டப் பார்த்தார் கடைக்காரர். ஈர மண்ணுக்குள் இரும்பு துருப்பிடித்து, வெள்ளை மண்ணில் பழுப்புக் கறை கசியும் என்று விளக்கிப் பார்த்தேன், அவர் கேட்பதாக இல்லை. போகும்போது காந்தம் எடுத்துப் போங்கள், ஒட்டினால் வாங்காதீர்கள்.

நிறத்தில் பெரிய போராட்டம் இல்லை. ஆரஞ்சு அக்ரிலிக்கை வெள்ளை மேல் நேரடியாகப் பூசினால் திட்டுத்திட்டாக நிற்கும், அடியில் மஞ்சள் ஒரு கை ஓட்டிவிட்டால் அடங்கிவிடும். கண்ணை மட்டும் முறைப்பாக வரைந்தேன். கியோ சிரித்தால் கியோவா?

மீசைக்கு முன்பே மனம் டிராகனுக்குத் தாவிவிட்டது. சோமா குடும்பத்து டாக்டர் ஹாதோரிக்கு ராசி டிராகன், ஆனால் அவரைக் கட்டிப்பிடித்தால் டிராகன் வராது, கடற்குதிரை வரும். அவ்வளவு விறைப்பான டாக்டர் தரையில் கடற்குதிரையாகக் கிடப்பதுதான் எனக்கு இந்தத் தொடரின் ஆகச் சிறந்த நகைச்சுவை. வால் சுருண்டே இருப்பதால் கம்பித் தொல்லையும் இல்லை. அப்புறம் அதே குடும்பத்து யூகி மாறும் எலி, அதற்கு மறுபடி மெல்லிய வால், நினைத்தாலே கை நடுங்குகிறது.

மீசைக்கு நைலான் நூலா, தூரிகை மயிரா என்று இன்னும் முடிவாகவில்லை. வைத்துப் பார்த்தவர்கள் சொன்னால் இந்த வாரமே பூனையை முடித்துவிடுவேன்.