அவசரமே இல்லாத ஒரு ஆல்பம்

வேலை முடிந்து மண்டை சூடாக இருக்கும்போது நான் போடுவது ஏர் என்ற பிரெஞ்சு இசைக்குழுவின் 'மூன் சஃபாரி'. 1998 ஜனவரியில் வந்தது. நிக்கோலா கோதான், ழான்-பெனுவா துங்கெல் என்று ரெண்டே பேர், பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் வெர்சாய்காரர்கள். ஒருவர் கட்டடக்கலை படித்தவர், இன்னொருவர் கணக்கு.

முதல் பாட்டு 'லா ஃபாம் தார்ழான்' ஏழு நிமிஷம் ஓடும், பாட ஆளே கிடையாது. பேஸ் கிட்டார் ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசிக்க, அதன்மேல் எலெக்ட்ரிக் பியானோ வந்து உட்கார, நடுவில் கைதட்டல் சேர, மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி மெல்ல ஏறி இறங்க, பாட்டு எங்கேயும் போய்ச் சேர அவசரப்படுவதே இல்லை. எனக்கு இந்த ஒரு பாட்டுக்காகவே முழு ஆல்பமும் தகும். 'செக்ஸி பாய்'தான் பெரிய ஹிட், ஆனால் அது கொஞ்சம் ஆட்டம் போடுகிற பாட்டு, ராத்திரி பதினொரு மணிக்குத் தாண்டிவிடுவேன். அப்புறம் அமெரிக்கப் பாடகி பெத் ஹர்ஷ் பாடிய ரெண்டு பாட்டு இருக்கிறது: 'ஆல் ஐ நீட்', 'யூ மேக் இட் ஈஸி'. காதோரம் சும்மா பேசுவது போல, கத்தாமல், அலட்டாமல் பாடியிருக்கிறார். 'சே மத்தான் லா' பாட்டில் ட்யூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவி வேறு வருகிறது, யாருக்குத் தோன்றும்!

பழைய அனலாக் கருவிகளின் அந்தக் கதகதப்புதான் காரணமோ என்னவோ, இன்றும் பழசாகத் தெரியவில்லை. ஒன்று மட்டும், நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் அந்த பேஸ் காதிலேயே விழாது.