காத்து பிரியும்வரை

ஜூன் 4

ஆபரேஷன் முடிந்தது. குடலின் இரண்டு முனைகளையும் ஸ்டேப்ளரால் சேர்த்திருக்கிறார்கள். பின் அடிக்கும்போதே அது நடுவில் வட்டமாக நறுக்கியும் விடுமாம். "நறுக்கின சதை ரெண்டு வளையமும் முழுசா வந்திருக்கு, பயப்படாதீங்க" என்றார் சர்ஜன். அப்பா இன்னும் மயக்கத்தில்.

ஜூன் 5

காத்து பிரியவில்லை. அது பிரிந்தால்தான் குடல் வேலை செய்யத் தொடங்கியதாக அர்த்தமாம்.

ஜூன் 6

சிஸ்டர் காலையில் கேட்டார், மதியம் கேட்டார், ராத்திரியும் கேட்டார். "காத்து பிரிஞ்சுதா தாத்தா?" அப்பா சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

தூக்கம் வரவில்லை. ஸ்டேப்ளருக்கு முந்தைய காலத்தில் குடலைச் சேர்க்க வைத்த மர்பி பட்டனைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். 1892, சிகாகோ. சர்ஜன் ஜான் மர்பிக்கு அப்போது 35 வயதுகூட ஆகவில்லை. குடலைக் கையால் தைத்து முடிக்க நேரமாகும்; நோயாளியின் உடம்பு அவ்வளவு நேரம் தாங்காது. அதற்காக அவர் செய்த உலோகப் பட்டன் இது. இரண்டு சின்னக் காளான்கள் மாதிரி இருக்கும், நடுவில் துளை. வெட்டிய முனை ஒன்றுக்குள் ஒரு பாதி, அடுத்ததற்குள் மறுபாதி. சுருக்குப்பை போல நூலை இழுத்துக் கட்டிவிட்டு, இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். சில நிமிட வேலை. துளை வழியாகக் காற்றும் நீரும் போய்க்கொண்டிருக்கும்.

இதற்குப் பிறகு நடப்பதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விடாமல் அழுத்துவதால், நடுவில் சிக்கிய சதைக்கு ரத்தம் போகாமல் அது செத்துவிடும். அதே நாட்களில் வெளிப்புறத்தில் இரண்டு குடலும் ஒட்டி ஆறிவிடும். செத்த சதை அறுந்ததும் பட்டன் கழன்று மலத்தோடு வெளியே வந்துவிடும். சாவதும் ஆறுவதும் ஒரே இடத்தில், ஒரு விரற்கடை தூரத்தில். ஆறுவதற்கு முன்னால் செத்துவிட்டால்?

ஜூன் 7

காய்ச்சல் 101. வயிறு உப்பியிருக்கிறது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. அப்பாவின் வயிற்றில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேர்த்த இடம் கசிவதைக் குறிக்கும் "லீக்" என்ற வார்த்தையை யாரும் என் முன்னால் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பட்டன் வைத்தவர்களில் சிலருக்கு அது வெளியே வரவேயில்லை. இரைப்பையோடு குடலைச் சேர்த்த இடங்களில் பின்பக்கமாக இரைப்பைக்குள்ளேயே விழுந்துவிட்டதும் உண்டு. சிலருக்குக் குடலை அடைத்துக்கொண்டது. மலத்தில் பட்டனைத் தேடிக்கொண்டே இருந்த குடும்பங்களை நினைக்கிறேன். எப்படித் தூங்கினார்கள்?

ஜூன் 8

விடியற்காலையில் காய்ச்சல் இறங்கியது. சிடி ஸ்கேனில் கசிவு இல்லை. காரிடாரில் நின்று அழுதேன்.

பக்கத்துக் கட்டிலில் புது அட்மிஷன். பயிற்சி டாக்டர் ஒரு பெண், அந்த அம்மாவின் வலது விலாவுக்குக் கீழே அழுத்தி மூச்சை இழுக்கச் சொன்னார். வலியில் மூச்சு பாதியில் நின்றது. "மர்பி சைன் பாசிட்டிவ்" என்று எழுதிக்கொண்டார். அதே மர்பிதான்! பித்தப்பைக்கு அவர் கண்டுபிடித்த சோதனை. 1912ல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் மில்வாக்கியில் சுடப்பட்டபோது சிகாகோவில் அவரைக் கவனித்தவரும் இவர்தான். பட்டன் வழக்கொழிந்துவிட்டது, பெயர் இன்னும் வார்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவருக்கு நேரமில்லை.

ஜூன் 9

பிரிந்தது!! மூன்று ஐம்பதுக்கு. அப்பாவே சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஜூன் 10

தண்ணீர், அப்புறம் இளநீர். வாந்தி இல்லை. மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

அப்பாவிடம் பட்டன் கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எனக்குள்ள இருக்கறது வெளிய வருமா?" என்றார். வராது, டைட்டேனியம் பின், அங்கேயே இருந்துவிடும் என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. கழன்று போவதுதான் ஒழுங்கு என்கிறார். எனக்கு அப்படியே இறுகப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

ஜூன் 11

ரவுண்ட்ஸில் கேட்க வேண்டியவை: கஞ்சி எப்போது? தையல் எப்போது பிரிப்பார்கள்? பின்னால் எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் இந்தப் பின்களால் ஏதாவது... வந்துவிட்டார்கள், அப்புறம்.