ஆமணக்குக் குடும்பத்தின் கனியும் விதையும்: தேர்வு எனக்குக் கற்றுத்தந்த படிப்பு முறை

இளநிலைத் தாவரவியல் இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வில் எனக்குக் கொடுக்கப்பட்டது நீரில் ஊறவைத்த ஓர் ஆமணக்கு விதை. அதன் பாகங்களைப் பிரித்துக் காட்டி, படம் வரைந்து பெயரிட வேண்டும். ஓட்டை உடைத்தேன், உள்ளே இருந்த வெண்ணிறப் பருப்பு மெல்ல அழுத்தியதும் இரண்டாகப் பிரிந்தது. அவரை விதையைப் பிரித்துப் பழகிய கை ஆதலால், அந்த இரண்டு தடித்த பாதிகளையும் ‘வித்திலைகள்’ (கருவின் முதல் இலைகள்) என்று பெயரிட்டுப் படத்தை முடித்துவிட்டேன். தேர்வாளர் என் படத்தைப் பார்த்து, ஒரு பாதியை ஊசி முனையால் தொட்டு, “இதன் மேல் ஒட்டியிருப்பது என்ன?” என்று கேட்டார். அப்போதுதான் அந்தப் பாதியின் உட்புறத்தில், மெல்லிய தாளைப் போல, நரம்புகள் ஓடும் ஒரு குட்டி இலை படிந்திருப்பதைக் கண்டேன். வித்திலை அதுதான். நான் வித்திலை என்று எழுதிய தடித்த வெண்பகுதி முழுவதும் கருவூண், அதாவது கருவுக்கான உணவுச் சேமிப்பு.

இழந்த மதிப்பெண்களைவிட, அந்தக் குடும்பத்தை ஒரு மாதம் படித்தும் அதன் விதையை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் போயிருந்தேன் என்பதுதான் என்னை வருத்தியது. யூஃபோர்பியேசி எனப்படும் ஆமணக்குக் குடும்பத்தைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் அதே தவற்றைச் செய்யக்கூடாது என்பதற்காகவே, பிறகு நான் கடைப்பிடித்த முறையை எழுதுகிறேன்.

கனியிலிருந்து தொடங்காதீர்கள், மலரில் கனியாக மாறும் பகுதியான சூற்பையிலிருந்து தொடங்குங்கள். பெண் மலரில் சூற்பையை ஆக்கும் அலகுகளான மூன்று சூலிலைகள் இணைந்து, மேல்மட்டச் சூற்பையாக, மூன்று அறைகளுடன் அமைந்திருக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் அச்சு சூல் ஒட்டுமுறையில் ஒரே ஒரு சூல் (பின்னர் விதையாவது) தொங்குகிறது. இந்த ஒரு வாக்கியம் மனத்தில் நின்றுவிட்டால் கனியைப் பற்றித் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. மூன்று அறைகள் இருப்பதால் கனிக்கு மூன்று மடிப்புகள்; அறைக்கு ஒரு சூல் என்பதால் கனிக்கு மூன்று விதைகள்; சூல்கள் நடு அச்சில் ஒட்டியிருப்பதால் கனி உடைந்த பிறகு நடுவில் ஒரு தூண் மிஞ்சுகிறது. இளங்காய் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். முள் போன்ற மென்மையான நீட்சிகளுக்கு உள்ளே மூன்று அறைகளும், அவற்றில் வெண்மையாகத் திரளும் மூன்று விதைகளும் ஒரே பார்வையில் தெரியும். காயின் உச்சியில் இறகு போன்ற சூல்முடிகளின் மிச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், அதையும் படத்தில் சேர்த்துவிடுங்கள்.

இந்தக் கனிக்கு ரெக்மா என்று பெயர். இதை வெடிகனி என்று எழுதுவதா, பிளவுக்கனி என்று எழுதுவதா என்ற குழப்பம் எல்லா மாணவர்களுக்கும் வரும், எனக்கும் வந்தது. முற்றிய ஆமணக்குக் கனிகள் சிலவற்றைத் தாளின் மீது பரப்பி, வெயிலில் உலர விட்டுக் கவனித்தபோதுதான் அது தெளிந்தது. முதலில் கனி மூன்று துண்டுகளாக நடுத்தூணிலிருந்து விலகுகிறது. இந்தத் துண்டுதான் காக்கஸ். பிறகு ஒவ்வொரு காக்கஸும் தன் உட்பக்கம் பிளந்து விதையை வெளியே தள்ளுகிறது. நன்றாக உலர்ந்திருந்தால் சிறு ஓசையோடு விதை தெறித்து விழும். ஆக, நடப்பவை இரண்டு செயல்கள்: முதலில் பிரிதல், பிறகு வெடித்தல். ஒரு விதை கொண்ட துண்டுகளாகப் பிரிவதால் ரெக்மாவைப் பிளவுக்கனி வகையில் வைக்கிறோம். துண்டுகள் மூடியபடியே விழாமல் திறந்துகொள்வதால் அது மற்றப் பிளவுக்கனிகளிலிருந்து வேறுபடுகிறது. விடையில் இவ்விரண்டையும் இதே வரிசையில் எழுதினால், பெயர் மட்டும் தெரிந்தவரா, செயலும் தெரிந்தவரா என்பது திருத்துபவருக்கு விளங்கிவிடும். பயிரிடப்படும் ஆமணக்கு வகைகள் சிலவற்றில், அறுவடைக்கு முன் விதை சிந்தக்கூடாது என்பதற்காகக் கனி வெடிக்காத தன்மையே தேர்ந்து வளர்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் கைக்கு வந்த கனி வெடிக்காமல் இருந்தால் பாடநூல் பொய் சொல்கிறது என்று எண்ண வேண்டாம்.

விதிவிலக்குகளை அளவோடு வைத்துக்கொண்டால் போதும். மெர்க்குரியாலிஸ் பேரினத்தில் சூலிலைகள் பெரும்பாலும் இரண்டு. ஹூரா கிரெப்பிட்டன்ஸ் மரத்தில் பத்துக்கும் மேற்பட்டவை, அதன் கனி உலர்ந்ததும் பெரும் ஓசையுடன் சிதறுகிறது. அலூரைட்டிஸ் பேரினத்தில் கனி வெடிப்பதில்லை. ரப்பர் மரம் ரெக்மாவுக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் பெரிய மூன்று மடிப்புக் கனி வெடித்து, புள்ளிகள் நிறைந்த விதைகளைப் பல மீட்டர் தொலைவுக்கு வீசும்.

இனி விதை. மதிப்பெண் கிடைப்பதும் போவதும் இங்கேதான் என்பதால் இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். வெளியுறை கடினமானது, வழவழப்பானது, பளிங்கில் ஓடும் கோடுகளைப் போன்ற பழுப்பு வரிகள் கொண்டது. ஒரு முனையில் வெண்மையாக, பஞ்சு போல மென்மையாக ஒரு சிறு முடிச்சு இருக்கும், அதுவே காரங்கிள். சூலின் முனையிலுள்ள சிறு துளையான சூல்துளையின் அருகில் அதன் வெளியுறைச் செல்கள் பெருகி வளர்ந்து இது உருவாகிறது. இதை விதைத் தழும்பு (விதை காம்பிலிருந்து பிரிந்த வடு) என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. தழும்பும் சூல்துளையும் காரங்கிளுக்கு அடியில் மறைந்திருக்கின்றன. அதை நகத்தால் மெல்லப் பெயர்த்தால்தான் தழும்பு தெரியும். அங்கிருந்து விதையின் தட்டையான பக்கத்தில் நெடுக ஓடும் மெல்லிய வரம்பு ராபே. காரங்கிளின் பயனைக் கேட்டால் இரண்டு கூறலாம்: அது நீரை உறிஞ்சி வைக்கிறது, எறும்புகளை ஈர்த்து விதை பரவத் துணைசெய்கிறது. எல்லாச் சிற்றினங்களிலும் இது உண்டு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ரப்பர் விதையில் காரங்கிள் இல்லை. அம்மான் பச்சரிசியின் நுண்ணிய விதையிலும் இல்லை.

ஓட்டை நீக்கியதும் தாளைப் போன்ற வெண்ணிற உள்ளுறை வரும். அதற்குள் எண்ணெய் நிறைந்த கருவூண். இதை வெட்டும் திசைதான் முக்கியம். விதையின் தட்டையான முகத்துக்கு இணையாக நெடுக்கே பிளந்தால், வித்திலையின் முழு முகமும் நடுநரம்பும் கிளைநரம்புகளும் தெரியும். தட்டையான முகத்துக்குச் செங்குத்தாக வெட்டினால் இரண்டு வித்திலைகளும் நடுவில் ஒரு மெல்லிய கோடாக மட்டுமே தோன்றும்; படம் பார்க்காமல் வந்தவர்கள் அதைக் கருவூணில் விழுந்த வெடிப்பு என்று நினைத்துவிடுவார்கள். இரண்டு வெட்டுகளையும் அருகருகே வரைந்து பழகுங்கள். காரங்கிள் இருக்கும் முனையை நோக்கியே முளைவேர் இருக்கும் என்பதை நினைவில் வைத்தால் படம் தலைகீழாகாது. நுண்ணோக்கி கிடைத்தால் கருவூணின் மெல்லிய சீவல் ஒன்றையும் பாருங்கள். புரதச் சேமிப்பு மணிகளான அலூரோன் மணிகளைக் காண ஆமணக்கைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைத்ததில்லை.

எழுத்துத் தேர்வில் இன்னொரு கண்ணி நெல்லி. பெந்தம், ஹூக்கர் வகைப்பாட்டின்படி நெல்லியும் கீழாநெல்லியும் யூஃபோர்பியேசிக்குள் வரும். மூலக்கூறு ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்ட ஏபிஜி (ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி குழு) முறையில் அவை ஃபில்லாந்தேசி என்ற தனிக் குடும்பம். பிரிந்து நிற்பதற்கான பண்பும் சூற்பையிலேயே இருக்கிறது: ஃபில்லாந்தேசியில் அறைக்கு இரண்டு சூல்கள், யூஃபோர்பியேசியில் அறைக்கு ஒன்று. உங்கள் பாடத்திட்டம் எந்த முறையைப் பின்பற்றுகிறதோ அதன்படி எழுதி, முறையின் பெயரையும் குறிப்பிட்டுவிடுங்கள். நெல்லியின் சதைப்பற்றான கனியை ரெக்மாவுக்கு எடுத்துக்காட்டாக எழுதுவது எந்த முறையிலும் தவறு.

விதைகளைக் கையாளும்போது ஒரு கண்டிப்பு. ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய நச்சுப் புரதம் உண்டு. வாயில் வைக்கக்கூடாது, வெட்டிய பிறகு கையையும் கத்தியையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும், மிச்சத்தைக் குழந்தைகளும் விலங்குகளும் எடுக்கும் இடத்தில் போடக்கூடாது.

வெட்டாத இரண்டு விதைகளை ஈர மண்ணில் புதைத்து வையுங்கள். கொக்கி போல வளைந்த தண்டு முதலில் மண்ணைப் பிளக்கும். பின்னர் அது நிமிர்ந்து விதையைத் தரைக்கு மேலே தூக்கும். ஓடு கழன்றதும் இரண்டு வித்திலைகள் பச்சை இலைகளாக விரிவதையும், உணவெல்லாம் உறிஞ்சப்பட்டு மெலிந்த கருவூண் அவற்றின் வெளிப்புறத்தில் வெண்படலமாகச் சில நாட்கள் ஒட்டியிருந்து உதிர்வதையும் பார்க்கலாம். நான் தேர்வில் வித்திலை என்று பெயரிட்டது அந்தப் படலத்துக்குத்தான்.